ஆயுத பூஜையன்று ஓடிய கம்ப்யூட்டர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையில் பஸ் ஏறி, உளுந்தூர்பேட்டையில் இறங்கி, நின்றுகொண்டே ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதே வழியில் திரும்ப வேண்டும். கல்யாணமான முதல் மூன்று வருடம் எனக்கு இப்படித்தான் கழிந்தது. என் கணவர் கல்வராயன் மலையில் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியர். அவரால் மலையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வர முடியாது. எனக்கோ ஆபீஸ் சென்னையில். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆபீசில் ஒப்புக்கொண்ட பிறகுதான் அவரும் நானும் ஒரே வீட்டில் இருந்து சண்டை போட ஆரம்பித்தோம். அந்தச் சுகத்துக்கு ஒன்றரை வயதுதான் ஆகியிருந்தது.

அதற்குத்தான் போன வருடம் புரட்டாசியில் ஆபத்து வந்தது. எங்கள் குழுவின் தலைவி போனில் கூப்பிட்டார். நல்லவர்தான், ஆனால் எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"வீட்ல இருந்து வேலை பாக்கறவங்க எல்லாரையும் திரும்பக் கூப்பிடச் சொல்றாங்க. உங்களுக்காக நான் பேசணும்னா கையில ஏதாவது வேணும். அந்த புரோகிராம் ஏன் மெதுவா ஓடுதுன்னு உங்க வீட்டு மெஷின்லயே அளந்து ரிப்போர்ட் குடுங்க. விஜயதசமி அன்னிக்கு கிளையன்ட்டோட மீட்டிங். அவங்க நாட்ல அன்னிக்கு லீவு கிடையாது."

நாங்கள் எழுதிய புரோகிராம் துறைமுகத்துக் கேமராப் படங்களைப் பார்த்துக் கன்டெய்னர் பெட்டிகளின் எண்ணைப் படிக்கும். அந்தக் கணக்கையெல்லாம் போடுவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. அது எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க இரண்டு கருவிகள் வேண்டும். பிழையைத் தேடிப் பிடிக்க டிபக்கர். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்க புரொஃபைலர். ஆபீசில் இதையெல்லாம் போட்டுக் கொடுக்க ஆள் உண்டு. இங்கே நான்தான் ஆள். பத்து நாள் இருந்தது. ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தேன்.

கருவிகள் மொத்தமும் ஒரே ஃபைலாக வந்தன. மூன்று ஜிபிக்கு மேல். எங்கள் தெரு இன்டர்நெட்டுக்கு மூன்று ஜிபி என்பது பெரிய மூட்டை. முதல் நாள் பாதியில் கரண்ட் போனது. இரண்டாம் நாள் தெருமுனையில் யாரோ பள்ளம் தோண்டி கேபிளை அறுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் தொண்ணூற்றேழு சதவீதம் வந்து, நான் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது, முதலிலிருந்து தொடங்கவும் என்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்று சொல்கிறோமே, அது எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கீபோர்டை ஓங்கி ஒரு அடி அடித்தேன். ஒரு பட்டன் எகிறிப்போய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. அதைத் தேட அரை மணி நேரம் ஆனது.

சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இதுக்கே இப்பிடின்னா எப்பிடி? நான் தெனம் அட்டெண்டன்ஸ் ஏத்தறதுக்கு ஸ்கூலுக்குப் பின்னாடி பாறமேல ஏறி நின்னுக்கினு போன தூக்கிப் புடிக்கிறேன். புள்ளிங்க கீழ நின்னுக்கினு, சார், இன்னும் கொஞ்சம் சோத்துக்கை பக்கம்னு வழி சொல்லுதுங்க."

"உங்க அட்டெண்டன்ஸ் ஏறலன்னா உங்கள சென்னைக்கா அனுப்புவாங்க?" என்றேன்.

அவர் மறுநாள் தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அதன் இணைப்பில்தான் ஃபைல் முழுசாக இறங்கியது. அன்றைக்கு அவர் பாறையில் ஏறி இன்னொரு ஆசிரியரின் போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்.

இறங்கியதோடு தீர்ந்ததா என்றால், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். கார்டை ஓட்டும் டிரைவர் மென்பொருள் பழசு, புதுசு போட்டால்தான் உள்ளே விடுவேன் என்றது கருவி. புதுசைப் போட்டேன். திரை இருட்டாகிவிட்டது. ஒரு பகல் முழுவதும் அந்த இருட்டோடு போராடிப் பழைய நிலைக்கு வந்தேன். பிறகுதான் காரணம் பிடிபட்டது. கம்ப்யூட்டருக்குள் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. தனக்குத் தெரியாத டிரைவரை அது ஓடவிடாது. நாமே ஒரு பாஸ்வேர்டு வைத்து, அணைத்துப் போடும்போது முதலில் வரும் ஒரு நீலத் திரையில் அந்தப் பாஸ்வேர்டைச் சொல்லி, இவன் நம்ம ஆள்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திரை ஒரே ஒரு முறைதான் வரும். வந்தால் பத்து விநாடிதான் நிற்கும்.

நான் அணைத்துப் போட்டேன். அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. ஓடிப்போய் இறக்கிவிட்டு ஓடி வந்தேன். நீலத் திரை வந்து, என்னைக் காணாமல் போயே போய்விட்டது. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்து, இரண்டாவது முறை அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். திரை வந்தது. என்ன பாஸ்வேர்டு வைத்தேன் என்று மறந்துவிட்டிருந்தது. அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இல்லை.

மூன்றாவது முறை பாஸ்வேர்டைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி மடியில் வைத்துக்கொண்டேன். டிரைவர் ஓடியது. டிபக்கர் திறந்தது. புரொஃபைலரைத் திறந்து புரோகிராமை ஓட்டினால், கார்டின் அளவீடுகளைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. என் வீடு, என் மேஜை, என் கம்ப்யூட்டர். எனக்கு அனுமதி இல்லையாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் நான்தான், பூசாரியும் நான்தான், வரம் மட்டும் வரவில்லை. எந்த ஃபைலில் எந்த வரியை எழுதினால் அந்த அனுமதி கிடைக்கும் என்று கண்டுபிடிக்க மேலும் இரண்டு நாள் போனது.

இப்படியாக எல்லாம் சரியாகி, கலர் கலராகப் பட்டைகள் வரைந்து புரொஃபைலர் முதல் முறை என் புரோகிராமை அளந்து காட்டியபோது பத்து நாளில் எட்டு நாள் தீர்ந்திருந்தது. அன்றைக்கு ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

என் மாமியார் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். மோட்டார் வைத்த தையல் மெஷின். அதன் சத்தத்தோடுதான் எங்கள் வீடு விடியும். அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"நாளைக்கி பூஜம்மா. அந்தப் பொட்டிய இன்னிக்கே தொடச்சி வெச்சிடு."

"அத்தை, நாளைக்கு எனக்கு வேலை இருக்கு. நாளைக்குத்தான் முக்கியமான வேலையே."

"என் மிஷினயே நான் நாளைக்கித் தொடமாட்டேன். ரெண்டு ஜாக்கெட்டு அவசரம்னு சொல்லிக்கினு வந்தாங்க. நாளான்னிக்கி வாங்கன்னு அனுப்பிட்டேன். ஒரு நாளு அதுவும்தான் சும்மா இருக்கட்டுமே."

கணவர் என்னைப் பார்த்து, "வுடு, ஒரு நாளுதானே," என்றார். ஒரு நாள்தான். மொத்தம் மீந்திருந்ததே அந்த ஒரு நாளும் மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான். அதை அவரிடம் விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. எனக்கு வேறொரு வழி தோன்றிவிட்டிருந்தது.

தொடக் கூடாது, அவ்வளவுதானே. நான் தொடாமலே வேலை வாங்குவேன். ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து வீட்டு வைஃபை வழியாக டெஸ்க்டாப்புக்குள் நுழைந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருந்தால் போதும், மானிட்டர் தேவையில்லை. பூஜையன்று காலையில் மானிட்டரை மட்டும் அணைத்தேன். திரை இருட்டாக இருந்தால் கம்ப்யூட்டர் தூங்குகிறது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். மின்விசிறிச் சத்தத்தில் அதன் சத்தம் கேட்காது. "அணைச்சிட்டேன் அத்தை, எடுத்துக்குங்க," என்று சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாமியார் தையல் மெஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் கணவரின் பைக்குக்கும் செய்ததையெல்லாம் அந்தப் பெட்டிக்கும் செய்தார். ஈரத் துணியால் துடைத்தார். சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். முன்பக்கம் மறைய அடர்த்தியான சாமந்தி மாலை. மேலே மஞ்சள் பட்டுத் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பொரிகடலைத் தட்டு. கற்பூரம் காட்டும்போது நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு வயிறு சரியில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

ஆறு முறை அளந்தேன். ஆறு முறையும் ஒரே விடை. எண்ணைப் படிக்கும் இடத்தில் வருகிற கணக்குதான் நேரத்தைத் தின்றது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு. அந்தப் பகுதியை எழுதியது நான் இல்லை, சென்னையில் இருக்கும் ஒரு பையன். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ரிப்போர்ட்டில் அந்தப் பகுதி மோசமாக எழுதப்பட்டிருக்கிறது, திருத்தி எழுத வேண்டும் என்று தைரியமாக எழுதினேன். மறுநாள் காலை மாமியார் மறுபூஜை முடித்து மாலையையும் துணியையும் எடுத்த பிறகு, சந்தேகத்துக்கு ஒரு முறை டெஸ்க்டாப்பிலேயே உட்கார்ந்தும் அளந்தேன். அதே விடை. அனுப்பிவிட்டேன்.

நாலு மணிக்கு மீட்டிங். தலைவி எல்லோர் முன்னாலும் சொன்னார். "இந்த ரிப்போர்ட்ல சொன்னதை ஆபீஸ் மெஷின்ல ஓட்டிப் பாத்தேன். அதே கார்டு, அதே புரோகிராம். அந்தப் பகுதி பாதி நேரத்துல முடியுது. அதுல ஒரு கோளாறும் இல்ல. மெதுவா இருக்கிறது படத்தை உள்ளே கொண்டுவர்ற இடம். உங்க மெஷின்ல என்னமோ சரியில்லை."

அந்தப் பையன் மீட்டிங்கில் இருந்தான்.

மீட்டிங் முடிந்ததும் தலைவி தனியாகக் கூப்பிட்டார். வீட்டு மெஷினை நம்ப முடியாது என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள், அடுத்த திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துவிடுங்கள் என்றார். நான் போனை வைத்துவிட்டு நேராகப் போய்ப் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினேன்.

கிராபிக்ஸ் கார்டின் விசிறி நின்றிருந்தது. றெக்கைகளுக்கு நடுவில் சாமந்தி இதழ்கள் ஈரம் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. ஒரு பொரி, அச்சுக்கும் றெக்கைக்கும் இடையில் ஆப்பு வைத்ததுபோல் மாட்டியிருந்தது. முன்பக்கம் காற்று இழுக்கும் வலையை மாலை மூடியிருக்கிறது. மேலே சூடு வெளியேறும் வலையைப் பட்டுத் துணி அடைத்திருக்கிறது. கிடைத்த சந்தில் எல்லாம் இழுத்த காற்று பூவையும் பொரியையும் உள்ளே கொண்டுபோயிருக்கிறது. சூடு ஏறினால் கார்டு எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொள்ளும். பாதி வேகத்தில் ஓடிய கார்டை அளந்துவிட்டு நான் இன்னொருவன் எழுதியதைப் பழித்திருக்கிறேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பெண்களுக்கும் பொருந்தும். அந்தப் பொரியைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மாமியார் ஒரு ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பாருங்க. இதப் பாருங்க அத்தை. உங்க பூஜை என்ன பண்ணிச்சின்னு பாருங்க. மெஷினுக்கு மாலை எதுக்கு? பொரி எதுக்கு? அதுக்கு மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. என்னைச் சென்னைக்கு வரச் சொல்லிட்டாங்க. இப்ப சந்தோஷமா?"

இன்னும் சொன்னேன். திரும்ப எழுத நாக்கூசும் ஒன்றிரண்டு வார்த்தைகளும் அதில் இருந்தன. மாமியார் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த பொரியைப் பார்த்தார். மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

கணவர்தான் கேட்டார். "நேத்து அணைச்சிதானே வெச்சிருந்த? அணைச்சி வெச்ச மிஷினுக்குள்ள பொரி எப்பிடிப் போச்சி?"

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது," என்றேன்.

அவர் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் கை கால் கழுவப் போனார்.

மறுநாள் பிரஷ்ஷால் ஒவ்வொரு இதழாக எடுத்து, விசிறியை விரலால் சுற்றிப் பார்த்து, மறுபடி அளந்தேன். ஆபீஸ் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போயின. புது ரிப்போர்ட்டைத் தலைவிக்கு அனுப்பி, போனும் செய்தேன். காற்று வரும் வழி பூஜையில் அடைபட்டுவிட்டது, வீட்டில் பெரியவர்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் மாலை போட்டோம். தப்பில்ல. ஆனா ஆறு தடவை அளந்திருக்கீங்க. கார்டோட சூடும் வேகமும் அதே திரையில பக்கத்துலயே இருக்கு. ஒரு தடவைகூட அதைப் பாக்கலையே. மாலை போட்டவங்க தப்பா அது?"

பத்து நாள் அந்தக் கருவிகளோடு மல்லுக்கு நின்றவள், அவை நான் நினைத்ததைச் சொன்னவுடன் வேறெதையும் பார்க்கவில்லை. இன்னொருவன் தப்பு என்று வந்த விடை எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆறு மாதம் ஆபீசில் இருங்கள், அப்புறம் மறுபடி பேசிப் பார்க்கிறேன் என்று தலைவி முடித்துக்கொண்டார். நான் அந்தப் பையனுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அதை எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் இருப்பவரிடம் சொல்ல வேண்டியதுதான் வாயில் வரவில்லை. கிளம்பும்வரை இருந்த அந்த நான்கு நாளும் மாமியார் எனக்குச் சாப்பாடு போட்டார், தலைக்கு எண்ணெய் வைக்கட்டுமா என்று கேட்டார், பழையபடியே இருந்தார். பூஜையைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை. தன்னால்தான் மருமகள் ஊரைவிட்டுப் போகிறாள் என்று உள்ளுக்குள் மருகுகிறார் என்று நினைத்தேன். நினைக்க நினைக்க எனக்கு என்மேல்தான் கோபம் வந்தது, அந்தக் கோபத்தையும் பாத்திரங்கள்மேல் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு மாமியாரும் வந்தார். வழக்கமாக வரமாட்டார். கணவர் பையோடு போய் சீட்டுப் பிடிக்க உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறினார். நாங்கள் இருவரும் கீழே நின்றோம். இப்போது சொல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"அத்தை, அன்னிக்கு நான் மெஷினை அணைக்கல. உங்ககிட்ட பொய் சொன்னேன். ஓடிக்கிட்டிருந்ததாலதான் அப்படி ஆச்சு. தப்பு என்னுதுதான்."

"தெரியும்," என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பொட்டு வெக்கும்போதே பொட்டி சூடா இருந்திச்சி. என் மிஷினு ஓடினா அந்த மோட்டாரு அப்பிடித்தான் சுடும். ஓடிக்கினு இருக்குதுன்னு தெரிஞ்சிது. சொன்னா நிறுத்திடுவ, நிறுத்துனா உன் வேல போயிடும்னு சும்மா இருந்துட்டேன். மாலையால அதுக்கு ஆகாதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அப்புறம் நான் அவ்வளவு கத்தினேனே அத்தை. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

பஸ் ஜன்னலில் என் கணவர் தலையை நீட்டி, சீட்டு கிடைத்துவிட்டது என்று கையைக் காட்டினார். மாமியார் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துச் சொன்னார்.

"எம்புள்ள எதிர்ல உன்ன எப்பிடிம்மா வுட்டுக்குடுக்கறது?"